பண்ணைக் கணக்கின் மறுபக்கம்

கி.பி. 79ஆம் ஆண்டின் கோடையில் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் இறந்தார். அவருடைய ஆட்சியின் 11ஆம் ஆண்டுக்கான பண்ணைக் கணக்கை எகிப்தில் ஒரு காரியஸ்தர் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் டிடிமோஸ், அஸ்பாசியோஸின் மகன். நிலத்துக்குச் சொந்தக்காரர் எபிமாகோஸ். நைலின் மேற்குக் கரையில், இன்று அல் அஷ்முனைன் என்று வழங்கும் ஹெர்மோபோலிஸ் வட்டாரத்தில் இருந்தது அந்தப் பண்ணை. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இன்ன தேதியில் இன்ன வேலைக்குக் கூலி இவ்வளவு என்று நாள்வாரியாகக் கிரேக்கத்தில் எழுதினார். ஆட்சி ரோமருடையது, உழுத மக்கள் எகிப்தியர், கணக்கு மொழி கிரேக்கம். அலெக்சாண்டர் வந்துபோய் 400 ஆண்டுகள் ஆகியும் அந்த நாட்டில் எழுத்து வேலை கிரேக்கத்தில்தான் நடந்தது.

அவர் எழுதியது பாப்பிரஸ் சுருளில். நைல் சதுப்பில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் ஒருவகைக் கோரை அது. தண்டின் உள்சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒரு வரிசையை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் பரப்பி அழுத்தினால் செடியின் சாறே பசையாகி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்குவார்கள். நார் கிடைமட்டமாக ஓடும் பக்கம் எழுதுகோலுக்கு இதமானது, அதுவே முன்பக்கம். மறுபக்கத்தில் நார் செங்குத்தாக இருப்பதால் பேனா தடுக்கும். ஆனால் பாப்பிரஸ் இலவசமாகக் கிடைப்பதில்லை. பழைய கணக்கின் பயன் முடிந்துவிட்டால் அதன் முதுகு வெறுமையாக இருக்கும். கையில் காசு குறைந்தவர்கள் அதில் எழுதுவார்கள்.

டிடிமோஸின் கணக்குச் சுருள்களுக்கும் அதுதான் நேர்ந்தது. அதனால்தான் அவை இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில், பாப்பிரஸ் 131 என்ற எண்ணோடு பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் முதுகில் இருப்பது ஏதென்ஸ் நகரின் அரசமைப்பைப் பற்றி அரிஸ்டாட்டிலின் பள்ளியில் எழுதப்பட்ட நூல். 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அழிந்துபோனதாகவே உலகம் நினைத்திருந்த நூல் அது.

கிரேக்க மெய்யியல் என்றதும் நம் மனத்தில் எழுவது வெள்ளைச் சலவைக்கல் சிலைகளும், ஊரும் தெருவும் இல்லாத ஒரு வெளியில் உண்மையைப் பற்றிப் பேசும் தாடிக்காரர்களும். பள்ளிப் பாடநூல்கள் அந்தச் சித்திரத்தை ஊட்டியிருக்கின்றன. இந்தச் சுருள் அதைக் கலைத்துவிடுகிறது என்பதே அதன்மேல் எனக்குள்ள பற்றுக்குக் காரணம். ஒரு சிந்தனை எந்தச் சந்தையில், எந்த நீதிமன்றத்தில், யார் உழைப்பின் மேல் நின்று எழுந்தது என்பதை இதைப்போல வெளிப்படையாகச் சொல்லும் பொருள் வேறொன்றை நான் அறியேன்.

நூல் பிறந்த இடம் ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே இருந்த லைசியம் என்ற சோலை. கி.மு. 335 வாக்கில் அரிஸ்டாட்டில் அங்கே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு முன் லெஸ்போஸ் தீவின் உப்பங்கழியில் மீன்களையும் சிப்பிகளையும் அறுத்துப் பார்த்து, எதற்கு எத்தனை செதில், எது எப்படி முட்டையிடுகிறது என்று குறித்துவைத்தவர் அவர். அதே கண்ணோடு நகரங்களையும் பார்த்தார். நல்ல அரசு எது என்று முடிவு கட்டுவதற்கு முன், இருக்கிற அரசுகள் என்னென்ன என்று திரட்ட வேண்டும். பழைய நூற்பட்டியல் ஒன்று அவர் பெயரில் 158 அரசமைப்பு நூல்களைக் கணக்குச் சொல்கிறது. ஊருக்கு ஒரு நூல். அவருடைய ‘அரசியல்’ என்ற பெரிய நூலுக்கு அடியுரமாகக் கிடந்தவை அவை. ஏதென்ஸ் பற்றியது அவற்றில் ஒன்று. அவரே எழுதினாரா, மாணவர் ஒருவரிடம் எழுதச் சொன்னாரா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. காலம் தெளிவு: கி.மு. 329இல் பதவியேற்ற ஓர் அதிகாரியின் பெயர் அதில் வருகிறது, கி.மு. 322இல் கைநழுவிய சாமோஸ் தீவு இன்னும் ஏதென்ஸ் வசம் இருக்கிறது. அந்தச் சில ஆண்டுகளுக்குள் நூல் உருவாகியிருக்கிறது.

இந்த ஊரைப் பற்றி எழுதிய பள்ளியின் தலைவர் இந்த ஊர்க்காரர் இல்லை. அரிஸ்டாட்டில் வடக்கே ஸ்டாகிரா என்ற சிற்றூரில் பிறந்தவர். 17 வயதில் ஏதென்ஸுக்கு வந்து பிளேட்டோவிடம் 20 ஆண்டுகள் பயின்றும், பிறகு திரும்பி வந்து பள்ளி நடத்தியும், கடைசிவரை வந்தேறிக் குடியாகவே வாழ்ந்தார். வந்தேறிகள் ஆண்டுக்கு 12 திராக்மா தலைவரி கட்ட வேண்டும். ஓர் ஏதென்ஸ் குடிமகனைப் பிணையாகக் காட்ட வேண்டும். நிலமோ வீடோ வாங்கக்கூடாது. மக்கள் சபையில் நுழைய முடியாது. லைசியத்தில் ஒரு கைப்பிடி மண்கூட அவருடையது இல்லை. அவருக்குப் பின் வந்த தியோஃப்ராஸ்டஸுக்குத்தான், ஆட்சியில் இருந்த ஒரு மாணவரின் தயவால், ஒரு தோட்டம் சொந்தமாயிற்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நூலின் 57, 58ஆம் அத்தியாயங்களைப் படிக்க வேண்டும். கொலை வழக்குகளை எந்தெந்த மன்றம் விசாரிக்கும் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. குடிமகனைத் திட்டமிட்டுக் கொன்றால் அரியோபாகஸ் மன்றம். தவறுதலாகக் கொன்றாலும், அடிமையையோ வந்தேறியையோ வெளிநாட்டவரையோ கொன்றாலும் பல்லேடியம் மன்றம். அதாவது அரிஸ்டாட்டிலை யாராவது வேண்டுமென்றே கொன்றிருந்தால், அந்த வழக்கு குடிமகனைக் கைத்தவறிக் கொன்றவனின் வழக்கோடு ஒரே மன்றத்துக்குப் போயிருக்கும். அடுத்த அத்தியாயத்தில் வந்தேறிகளின் வழக்குகள் எந்த அதிகாரியிடம் போகும் என்று வருகிறது. தன் தலைமேல் தொங்கும் சட்டத்தை, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல், மீனின் செதிலை எண்ணும் அதே அமைதியோடு அந்தப் பள்ளி எழுதிவைத்திருக்கிறது. தெய்வநிந்தை வழக்குகளை மன்னர் என்ற பட்டம் தாங்கிய அதிகாரி ஏற்பார் என்பதும் அதே 57இல் உள்ளது. கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்த செய்தி வந்ததும் ஏதென்ஸில் மாசிடோனியரின் நண்பர்கள்மேல் கோபம் மூண்டது. அவர்களில் ஒருவராகக் கருதப்பட்ட அரிஸ்டாட்டில்மேல் வந்த குற்றச்சாட்டு தெய்வநிந்தைதான். அவர் கால்கிஸுக்குப் போய்விட்டார். சாக்ரடீஸுக்குச் செய்ததை இன்னொரு முறை செய்ய அந்த ஊருக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அடுத்த ஆண்டே அங்கே இறந்தார்.

நூல் இரண்டு பகுதி. முதல் 41 அத்தியாயங்கள் வரலாறு: ஆட்சிமுறை 11 தடவை மாறிய கதை. ஏழைகள் கடனுக்காகத் தங்கள் உடலையே அடகு வைத்து, கட்ட முடியாதபோது மனைவி மக்களோடு அடிமையாக விற்கப்பட்ட காலத்திலிருந்து அது பேசுகிறது. கி.மு. 594இல் சோலோன் அந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்தார். இனி எவரும் உடலைப் பிணையாக வைத்துக் கடன் கொடுக்கக்கூடாது என்று தடுத்தார். அவரே அதைப் பற்றிப் பாடிய கவிதைகளை இந்த நூல் சான்றாகக் காட்டுகிறது. அவற்றில் சில அடிகள் வேறெங்கும் பிழைக்கவில்லை. இதன் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். தன் குடிமகனை அடிமையாக்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு, வேலைக்கு வெளியிலிருந்து மனிதர்களை வாங்கிவருவது பெருகிற்று. குடிமகனின் விடுதலையும் அந்நியனின் அடிமைத்தனமும் ஏதென்ஸில் சேர்ந்தே வளர்ந்தன. கி.மு. 483 வாக்கில் லாரியம் பகுதியில் வெள்ளி கிடைத்ததையும், அந்தப் பணத்தில் தெமிஸ்டோக்ளீஸ் 100 போர்க்கப்பல் கட்டவைத்ததையும் நூல் சொல்கிறது. அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கி வெட்டியவர்கள் அடிமைகள்.

இரண்டாம் பகுதி அன்றைய நிர்வாகம். எனக்கு இதுதான் பிடிக்கும். 18 வயதான இளைஞனை ஊர்ப் பதிவேட்டில் சேர்ப்பதற்கு முன் ஊரார் வாக்களிக்கிறார்கள். தாயும் தந்தையும் குடிமக்களா, இவன் சுதந்திரப் பிறப்பா என்று பார்க்கிறார்கள். இல்லை என்று தள்ளப்பட்டவன் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றால் நகரம் அவனை விற்றுவிடும். உயர் அதிகாரியாகக் குலுக்கலில் தேர்வானவரிடம் கேட்கும் கேள்விகள்: தந்தை யார், தாயின் தந்தை யார், குடும்பக் கல்லறைகள் எங்கே, பெற்றோரை நன்றாக வைத்துக்கொள்கிறாயா, வரி கட்டுகிறாயா, போருக்குப் போனாயா. நகரக் கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள். குழல் வாசிக்கும் பெண்களுக்கு இரண்டு திராக்மாவுக்கு மேல் கூலி போகாமல் பார்ப்பது, சாணம் அள்ளுபவர்கள் மதிலிலிருந்து பத்து ஸ்டேடியத்துக்குள் கொட்டாமல் தடுப்பது, தெருவில் இறந்துகிடப்பவர்களை அரசு அடிமைகளைக்கொண்டு அப்புறப்படுத்துவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. உடல் ஊனமுற்று, சொத்து மூன்று மினாவுக்குக் கீழ் இருப்பவருக்கு நாளுக்கு இரண்டு ஓபோல் உதவித்தொகை. தானிய விலைக்கும் ரொட்டி விலைக்கும் பொருத்தம் பார்க்கத் தனிக் காவலர்கள். ஏறக்குறைய எல்லாப் பதவிக்கும் குலுக்கல். படைத்தலைவர்களையும் சில நிதிப் பொறுப்பாளர்களையும் விட்டால், கைதூக்கித் தேர்ந்தெடுக்கும் சிவில் பதவிகளில் ஒன்று நீரூற்றுகளின் கண்காணிப்பாளர். எதை வேண்டுமானாலும் அதிர்ஷ்டத்துக்கு விடலாம், தண்ணீரை விட முடியாது என்று அந்த வறண்ட ஊர் தீர்மானித்திருக்கிறது.

இவையெல்லாம் மெய்யியலுக்கு வெளியே உள்ள செய்திகள் என்று தள்ளுபவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்பட மாட்டேன். பிரெஞ்சு அறிஞர் ஜான் பியர் வெர்னான் 1962இல் எழுதிய சிறு நூலில், கிரேக்கப் பகுத்தறிவு நகர அரசின் குழந்தை என்று வாதிட்டார். பொதுவெளியில் எதிராளியின் முன் காரணம் சொல்லிப் பேசியாக வேண்டிய கட்டாயத்திலிருந்து, எதற்கும் காரணம் கேட்கும் பழக்கம் வந்தது என்பது அந்த வாதம். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லை, நீதிபதி இல்லை. வாதியும் பிரதிவாதியும் தாங்களே பேச வேண்டும். எதிரே 500 சாதாரண மனிதர்கள். பேச்சுக்கு நேரம் தண்ணீர்க் கடிகாரத்தில் அளந்துவிடப்படும்; இரு தரப்புக்கும் ஒரே அளவு நீர். அந்தக் கூட்டத்தின் முன் எது வாதம், எது வெறும் உருக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் சொத்தையும் உயிரையும் இழப்பான். அரிஸ்டாட்டிலின் தர்க்கமும் சொற்கலை நூலும் அந்த மன்றங்கள் இருந்த ஊரில் எழுதப்பட்டவை. பிளேட்டோ அந்த மன்றங்களை வெறுத்தார்; தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துப் பதறிப் பேசும் வழக்காடியையும், நேரத்துக்கு அடிமையாகாத மெய்யியலாளரையும் ஓர் உரையாடலில் எதிரெதிரே நிறுத்துகிறார். அந்த வெறுப்புக்கும் அந்த மன்றமே காரணம்: கி.மு. 399இல் அவருடைய ஆசான் சாக்ரடீஸைக் கொன்றது அது.

மெய்யியலாளருக்கு அந்த ஓய்வு எங்கிருந்து வந்தது? அரிஸ்டாட்டில் இதை மறைக்கவில்லை. அடிமை உயிருள்ள கருவி என்றார்; சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்றார். தறி தானே நெய்தால் அடிமை தேவைப்படாது என்றும் ‘அரசியல்’ நூலில் எழுதினார், நடக்காத ஒன்றாக எண்ணி. அவருடைய உயில் பிழைத்திருக்கிறது. அதில் அம்பிராகிஸ் என்ற பெண்ணை விடுவித்து 500 திராக்மாவும் ஒரு பணிப்பெண்ணும் கொடுக்கச் சொல்கிறார். தனக்குப் பணிசெய்த சிறுவர் எவரையும் விற்காமல், வயது வந்ததும் தகுதியைப் பார்த்து விடுவிக்கச் சொல்கிறார். இயல்பில் அடிமை என்று கோட்பாடு வகுத்தவர் சாகும்போது அவர்களை விடுவிக்கச் சொன்னார் என்பதை நான் அவருக்கான சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கோட்பாட்டின் விரிசல் அது. அதை அவர் கண்டிருக்க வேண்டும்.

நூல் எகிப்துக்குப் போன பாதை எளிதில் விளங்கும். தியோஃப்ராஸ்டஸின் மாணவர் பேலரம் ஊர் டெமெட்ரியஸ் கி.மு. 317 முதல் பத்தாண்டுகள் ஏதென்ஸை ஆண்டு, வீழ்ந்தபின் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போய்த் தாலமி மன்னரிடம் சேர்ந்தார். கிரேக்க நூல்கள் அந்த நகரத்தில் குவிந்தன. அங்கிருந்து படிக்குமேல் படியாக நைல் கரை ஊர்களுக்கும் இறங்கின. கி.பி. 100 வாக்கில் ஹெர்மோபோலிஸ் பக்கம் யாரோ ஒருவருக்கு ஏதென்ஸின் அரசமைப்பு வேண்டியிருந்தது. கையில் இருந்தவை டிடிமோஸின் பழைய கணக்குச் சுருள்கள்.

நான்கு சுருள்கள், முதலாவதே இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். நான்கு பேருடைய கையெழுத்து. முதல் கை சிறிய எழுத்தில், சொற்களைச் சுருக்கிச் சுருக்கி, பொருள் தெரிந்த வேகத்தோடு ஓடுகிறது. இரண்டாவது கை எழுத்தை அழகாகப் போடுகிறது, ஆனால் எழுதுவது புரியவில்லை. பிழை மலிந்திருக்கிறது, இன்னொருவர் திருத்தியிருக்கிறார். முதல் கைக்காரர் தனக்காகவே படியெடுத்த படிப்பாளி, மற்றவர்கள் அவருக்கு உதவியவர்கள் என்ற ஊகம் நியாயமானது. அவர்கள் வருவதற்கு முன்பே அந்த முதுகில் டெமோஸ்தனீஸின் உரை ஒன்றுக்கு யாரோ விளக்கக் குறிப்பு எழுதத் தொடங்கி விட்டிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, அதைத் தாண்டி அரசமைப்பு தொடர்கிறது. தொடக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். பார்த்து எழுதிய மூலத்திலேயே முதல் பக்கங்கள் இல்லை. கிடைத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. இன்றும் நூல் ஒரு வாக்கியத்தின் நடுவில்தான் தொடங்குகிறது.

பிறகு மண்ணுக்குள் 1700 ஆண்டுகளுக்கு மேல். எகிப்தின் வறண்ட மணல் பாப்பிரஸைக் காக்கும், ஈரம்தான் கொல்லும். டிடிமோஸ் கணக்கு எழுதிய அதே ஆண்டில் இத்தாலியில் வெசுவியஸ் வெடித்து ஹெர்குலேனியத்தின் ஒரு மாளிகை நூலகத்தையே கரியாக்கியது. அந்தக் கிரேக்க மெய்யியல் சுருள்களில் விரிக்க முடியாதவற்றை இன்று ஊடுகதிர் கொண்டு படிக்கிறார்கள்.

மண்ணுக்கு மேலே அரிஸ்டாட்டில் பெரிய பயணம் போனார். பைசாந்தியத்தில் படியெடுத்தார்கள். பாக்தாதில் சிரியாக் வழியாகவும் நேராகவும் அரபுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஸ்பெயின் போய் இலத்தீனாகி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அமர்ந்தார். போனது எது என்று கவனியுங்கள்: தர்க்கம், இயற்பியல், மெய்ப்பொருளியல், ஆன்மா. பாடத்திட்டத்துக்கு வேண்டியவை பிழைத்தன. ‘அரசியல்’ நூல்கூட கோர்தோபாவின் இப்னு ருஷ்துக்குக் கிடைக்கவில்லை. அவர் அதற்குப் பதிலாகப் பிளேட்டோவின் ‘குடியரசு’க்கு உரை எழுதினார். 158 நகரங்களின் அரசமைப்புகளை எவரும் தோளில் சுமக்கவில்லை. பிற்கால அகராதிக்காரர்களின் மேற்கோள் துணுக்குகளாக மட்டும் ஏதென்ஸ் மிஞ்சியது. ஊரில்லாத, உழைப்பில்லாத மெய்யியலாளர் என்ற சித்திரம் பிறந்ததற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எண்ணங்கள் வந்து சேர்ந்தன, அவை நின்ற தரை வரவில்லை.

1880இல் பெர்லினில் இருந்த இரண்டு கிழிந்த பாப்பிரஸ் ஏடுகளை ஃப்ரீட்ரிஷ் பிளாஸ் வெளியிட்டார். அவை இந்தக் காணாமற்போன நூலின் பகுதி என்று அடுத்த ஆண்டு தியோடர் பெர்க் கண்டுகொண்டார். அதற்கு அடுத்த ஆண்டு எகிப்தில் பிரிட்டிஷ் படை இறங்கியது. பழைய ஊர் மேடுகளை உரமண்ணுக்காகத் தோண்டிய உழவர்கள் கையில் சுருள்கள் அகப்பட்டு, வியாபாரிகள் வழியாக ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1888–89இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய கட்டில் நம் சுருள்களும் இருந்தன. எந்த மேடு, எந்தக் கல்லறை என்ற விவரம் பதிப்போடு வரவில்லை. தோண்டி எடுத்த உழவர்களின் நாட்டுக்கு அந்தத் தகவலும் கிடைக்கவில்லை, பொருளும் திரும்பவில்லை. ஹெர்மோபோலிஸ் என்ற இடம் தெரிந்ததே டிடிமோஸின் முன்பக்கக் கணக்கிலிருந்துதான்.

அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃப்ரெடெரிக் கென்யன் அந்தச் சுருக்கெழுத்துக் குவியலைப் படித்தார். துணுக்குகளாகத் தெரிந்திருந்த மேற்கோள்கள் வரிசை வரிசையாக வந்து பொருந்தின. 1891 ஜனவரி 19 அன்று ‘தி டைம்ஸ்’ செய்தி வெளியிட்டது. அந்த மாதமே நூல் அச்சில் வந்தது. கென்யனுக்கு அப்போது வயது 28. அந்த ஆண்டுக்குள் மொழிபெயர்ப்புகளும் பதிப்புகளும் போட்டிபோட்டு வந்தன. 1893இல் ஜெர்மன் அறிஞர் விலமோவிட்ஸ் இந்த ஒரு நூலை வைத்து இரண்டு தொகுதி எழுதினார். அரிஸ்டாட்டிலின் அழிந்த நூல்கள் என்று சொல்லப்படுபவை எவையும் அவருடையவை அல்ல என்று நெடுங்காலமாகச் சாதித்துவந்த வாலன்டின் ரோஸ் திரட்டியிருந்த துணுக்குகளே, கையில் கிடைத்தது எந்த நூல் என்பதை உறுதிப்படுத்த உதவின.

நாலாவது சுருள் நொறுங்கிக் கிடந்தது. அதில்தான் நீதிமன்றக் குலுக்கல் இருந்தது. நடுவராக வர விரும்பும் 30 வயது கடந்த குடிமகன் தன் பெயர் பொறித்த ஒரு மரத்தகட்டை, அதிலுள்ள எழுத்துக்குரிய பெட்டியில் போடுவான். தகடுகளை எடுத்து ஒரு சாதனத்தின் பிளவுகளில் வரிசையாகச் செருகுவார்கள், ஐந்து நெடுவரிசை. பக்கத்துக் குழலுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பகடைக் கட்டைகள் விழும். வெள்ளை வந்தால் அந்தக் குறுக்கு வரிசையில் உள்ள ஐவரும் இன்று நடுவர்கள். கறுப்பு வந்தால் ஐவரும் வீட்டுக்குப் போகலாம். தேர்வானவன் ஒரு கருவாலிக்கொட்டை வடிவக் காயை எடுப்பான். எந்த மன்றம் என்பதை அதன் எழுத்து சொல்லும். அந்த மன்றத்தின் நிறமுள்ள கோல் ஒன்று கையில் தரப்படும். வாக்களிக்க இரண்டு வெண்கல வட்டுகள், நடுவில் அச்சு. துளையுள்ள அச்சு வாதிக்கு, துளையில்லாதது பிரதிவாதிக்கு. விரல் நுனிகளால் அச்சை மூடிப் பிடித்துக் கலத்தில் போட்டால் எது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. முடிந்ததும் மூன்று ஓபோல் கூலி.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பதற்கு நூலே 27ஆம் அத்தியாயத்தில் காரணம் தருகிறது. பைலோஸ் கோட்டையை இழந்ததற்காக வழக்கில் மாட்டிய ஒரு தளபதி நடுவர்களுக்குப் பணம் கொடுத்துத் தப்பினான். லஞ்சம் அவனிடம் தொடங்கியது. அவன் பெயர் அனிடோஸ். பத்தாண்டு கழித்துச் சாக்ரடீஸ்மேல் குற்றம் சாட்டிய மூவரில் ஒருவன் அவன்தான்.

இந்த வருணனையைப் படித்த பலர் குலுக்கல் சாதனம் என்பதை ஓர் அறை என்று எண்ணினார்கள். ஏதென்ஸ் சந்தை வெளியில் 1931 முதல் அமெரிக்கர்கள் அகழ்ந்தபோது வரிசை வரிசையாகப் பிளவு வெட்டிய கல் துண்டுகள் கிடைத்தன. அரிஸ்டாட்டிலுக்குப் பிந்தியவை. அவற்றையும் பாப்பிரஸையும் அருகருகே வைத்து, இவைதாம் அந்தக் குலுக்கல் கற்கள் என்று ஸ்டெர்லிங் டவ் 1930களின் கடைசியில் நிறுவினார். அச்சுள்ள வெண்கல வட்டுகளும் கிடைத்தன, மண்ணால் செய்த தண்ணீர்க் கடிகாரமும் கிடைத்தது. அது வடிய ஆறு நிமிடம் ஆகும். காகிதத்தில் இருந்த ஊர் மண்ணிலிருந்து எழுந்து வந்தது. இப்போது அவை ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

சுருளின் முன்பக்கத்துக்கு அவ்வளவு அவசரம் காட்டப்படவில்லை. ஏதென்ஸைக் கண்டவர்களுக்கு எபிமாகோஸின் பண்ணை வெறும் தாள். ஆனால் மறுபக்கத்தில் 7ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். சோலோன் குடிமக்களை விளைச்சலை வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்தார். கடைசி வகுப்பு கூலிக்காரர்கள். அவர்களுக்கு மக்கள் சபையிலும் நீதிமன்றத்திலும் இடம் உண்டு, பதவி கிடையாது. இன்றும் பதவிக்கு வருபவனிடம் நீ எந்த வகுப்பு என்று கேட்டால், கூலிக்காரன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்று நூல் சேர்க்கிறது. சட்டம் மாறாமல் நடைமுறை மட்டும் மாறிவிட்டதைக் காட்ட ஆசிரியர் எழுதிய வரி அது. அதே தாளின் முன்பக்கத்தில் கூலிக்காரர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். எந்த நாளில் எந்த வேலை, எவ்வளவு கொடுத்தது என்று. மெய்யியல் நூல் சமூகத்தின் கடைசி வரிசைக்கு ஒரு வரி கொடுக்கிறது. காரியஸ்தர் அவர்களுக்குச் சுருள் முழுவதும் கொடுத்திருக்கிறார்.

கென்யன் 1893இல் அருங்காட்சியகப் பாப்பிரஸ் பட்டியலின் முதல் தொகுதியில் அந்தக் கணக்கையும் அச்சிட்டார். அதை மையமாக வைத்து, வெஸ்பாசியன் காலத்து எகிப்தில் தனியார் நிலவுடைமையும் வேளாண்மை நுட்பமும் எப்படி இருந்தன என்று ஒரு முழு நூல் வருவதற்கு 1960வரை ஆயிற்று. எழுதியவர் போலந்து அறிஞர் அன்னா ஷ்விதெரெக்.